கிண்ணம் நிறைய விதை, கூண்டில் நோயாளிக் கிளி

மலேசியாவின் சிலாங்கூரிலுள்ள எங்கள் ஊரின் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும், ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தவர்கள், பழைய பழக்கம் பலவற்றோடு கிளிக்கூண்டையும் கொண்டு வந்தார்கள். வாசலில் ஒரு பச்சைக்கிளி, பக்கத்து வீட்டில் ஒரு ஜோடி லவ்பேர்ட், எதிர்வீட்டுக் கம்பத்தில் மெர்போக் புறா. கூண்டு எதுவானாலும் கிண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: சூரியகாந்தி விதை. கிளி ஆசையாகச் சாப்பிடுகிறது, கிண்ணம் காலியானால் கத்துகிறது, வீட்டுக்காரர் மறுபடி நிரப்புகிறார். நன்றாகக் கவனித்தால் பச்சைக்கிளி 25 ஆண்டுகள் வரை வாழும், கொண்டையுள்ள சிறு கிளியான கொக்கட்டீல் 15 ஆண்டைத் தாண்டும். ஆனால் ஐந்தாறு வயதிலேயே மூக்கடைத்து, கண் வீங்கி, ஒரு காலையில் கூண்டின் அடியில் கிடக்கும் பறவைகளை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "வயசாயிடுச்சு" என்று சொல்லிப் புதைத்துவிடுகிறோம். பல வேளைகளில் அது வயசு இல்லை, சாப்பாடு.

சூரியகாந்திப் பருப்பின் எடையில் பாதி கொழுப்பு. 100 கிராமில் பாஸ்பரஸ் சுமார் 660 மில்லிகிராம் இருக்கும், கால்சியம் 80-ஐக்கூடத் தொடாது. பறவையின் உடலுக்குக் கால்சியம்தான் பாஸ்பரஸைவிடச் சற்று அதிகமாக வேண்டும். இங்கே கணக்கு தலைகீழ்: ஒன்றுக்கு எட்டு. பாஸ்பரஸ் மிகுந்த தீனியை மாதக்கணக்கில் தின்னும் பறவை, இரத்தத்தில் கால்சியம் இறங்காமல் இருக்கத் தன் எலும்பிலிருந்தே எடுத்துச் செலவழிக்கத் தொடங்கும். பெட்டைப் பறவை முட்டையிடும் நேரத்தில் கணக்கு முடிகிறது. முட்டை ஓடு மெலிந்து, கருக்குழாயை அழுத்தித் தள்ளும் தசைக்கும் வலுவில்லாமல், முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். லவ்பேர்டும் கொக்கட்டீலும் இப்படிச் சாவது அதிகம்.

கால்சியம் குறைவைவிட ஓசையில்லாமல் வருவது வைட்டமின் ஏ குறைவு. விதைகளில் அது இல்லை என்றே சொல்லலாம். மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், சிறுநீரகம் ஆகியவற்றின் உட்புறத்தை ஈரமாக மூடியிருக்கும் மென்சவ்வு, வைட்டமின் ஏ இல்லாவிட்டால் தோல்போலக் காய்ந்து தடித்துப்போகும். காய்ந்த சவ்வில் கிருமி எளிதாகக் குடியேறும். ஆகவே முதலில் தும்மல், பிறகு மூக்குத்துளையில் கட்டி, பிறகு கண்ணைச் சுற்றி வீக்கம். வாயைத் திறந்து பார்த்தால், மேலண்ணத்தின் பிளவைச் சுற்றிச் சீப்புப் பற்கள்போல இருக்கவேண்டிய சின்ன முட்கள் மழுங்கியிருக்கும். நாக்கின் அடியில் வெள்ளைக் கட்டிகள்கூட வரலாம். வீட்டில் "சளி பிடித்திருக்கிறது" என்று சுக்குத்தண்ணீர் வைப்பார்கள். கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் தூளைத் தண்ணீரில் கலப்பவர்களும் உண்டு. கிருமி கொஞ்சம் அடங்கும், சவ்வு மாறாததால் அடுத்த மாதமே திரும்பும்.

பட்ஜி என்னும் குட்டிக் கிளிகளுக்கு இன்னொரு குறையும் சேரும். வெறும் தினை, சாமை விதைகளில் அயோடின் போதாது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வீங்கி மூச்சுக்குழாயையும் இரைப்பைக்குப் போகும் வழியையும் அழுத்தும். மூச்சுவிடும்போது கீச்சென்ற சத்தம், தின்றதைக் கக்குதல், இரண்டும் சேர்ந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

"நாங்கள் ஒரே விதை போடுவதில்லை, மிக்ஸ் வாங்குகிறோம்" என்று சொல்பவர்கள் கிண்ணத்தை மாலையில் ஒருமுறை பார்க்கட்டும். பிரியாணித் தட்டில் முந்திரியை மட்டும் பொறுக்கும் பிள்ளை மாதிரி, கிளி சூரியகாந்தியையும் நிலக்கடலையையும் எடுத்துவிட்டு மற்றதை உதறித் தள்ளியிருக்கும். பொட்டலத்தில் பத்து வகை இருந்தாலும் வயிற்றுக்குள் போனது இரண்டு வகை. காலியானதும் மேலே புதிதாகப் போடுவதால், அடியில் கிடக்கும் தினையும் ஓட்ஸும் என்றைக்கும் தின்னப்படுவதில்லை. கிளிக்கு அறிவு உண்டு, தனக்கு வேண்டியதை அதுவே தெரிந்து தின்னும் என்பது அழகான நம்பிக்கை, அவ்வளவுதான். காட்டில் கொழுப்புள்ள விதை அரிதாகக் கிடைக்கும், அதைத் தேடி நாளெல்லாம் பறக்கவும் வேண்டும். அதனால் கண்டவுடன் தின்றுவிடும் குணம் அங்கே உயிர் காக்கிறது. இரண்டடிக் கூண்டில் அதே குணம் கல்லீரலில் கொழுப்பாகப் படிகிறது. அலகு அளவுமீறி வளர்வது, நகத்தில் கருப்புத் திட்டு தோன்றுவது, மார்பில் மஞ்சள் கொழுப்பு தெரிவது ஆகியவை அந்தக் கல்லீரலின் அடையாளங்களாக இருக்கலாம்.

சிறு பறவைகளில் இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. பட்ஜி, கேனரி, பிஞ்ச் எல்லாம் விதையை உரித்து உமியைக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். மேலிருந்து பார்த்தால் கிண்ணம் நிறைந்தே இருக்கும், இருப்பது உமி மட்டும். இவ்வளவு சிறிய உடல் இரண்டு நாள் பட்டினி தாங்காது. தினமும் ஒருமுறை கிண்ணத்தை வெளியே எடுத்து ஊதிப் பாருங்கள். பறக்காமல் மிஞ்சுவதுதான் சாப்பாடு.

வேலியில் இருப்பது

அப்படியென்றால் என்ன கொடுப்பது? கிளி இனங்களுக்குப் பறவை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு இது: உணவில் பாதி முதல் 70 சதவீதம்வரை பெல்லட், அதாவது சமச்சீராகத் தயாரித்த தீவன உருண்டை, 20 முதல் 40 சதவீதம் காய்கறியும் கீரையும், 10 சதவீதத்துக்கு மேற்படாமல் பழம், மீதி சிறிது விதை. 120 கிராம் எடையுள்ள பச்சைக்கிளிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி பெல்லட்டும், அதே அளவோ சற்று அதிகமோ நறுக்கிய காய்கீரையும் போதும். சூரியகாந்தி விதையை எண்ணிக் கொடுக்கலாம். ஐந்தாறு விதை, அதுவும் கையிலிருந்து, பழக்குவதற்குப் பரிசாக.

காய்கீரைக்கு இந்த ஊரில் பணம் செலவழிக்கவே தேவையில்லை. வீட்டுக்கு வீடு முருங்கை நிற்கிறது. முருங்கைக்கீரையில் கால்சியமும், உடலுக்குள் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு கொத்தைக் கழுவி, தண்ணீர் சொட்டச்சொட்டக் கூண்டின் மேற்கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டால் கிளி குளிக்கவும் செய்யும், தின்னவும் செய்யும். வேலியில் தானாகப் படரும் கோவைக்கொடி இன்னொன்று. கிளிக்கும் கோவைப்பழத்துக்கும் தமிழில் இருக்கும் உறவு வெறும் வருணனை அல்ல, பழுத்துச் சிவந்த கோவையைப் பார்த்த கிளி மற்றதை மறந்துவிடும். இலையையும் கொடுக்கலாம். வல்லாரை, சாவிக்கீரை, கைலான், பயற்றங்காய், பாகற்காய், பீர்க்கங்காய் எல்லாம் நல்லவை. தண்டுக்கீரையை, அதாவது பாயாமை, வாரம் ஒருமுறையோடு நிறுத்துங்கள். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். வெள்ளரிக்காயும் சாலட் இலையும் தண்ணீர்தான். கெடுதல் இல்லை, ஆனால் அவற்றைக் கொடுத்துவிட்டுக் காய்கறி கொடுத்ததாகக் கணக்கு எழுதக் கூடாது.

கரோட்டினுக்கு நிறத்தைப் பார்த்து வாங்கலாம்: பரங்கிக்காய், கேரட், ஆரஞ்சுச் சதையுள்ள சர்க்கரைவள்ளி. இரவுச் சந்தையான பாசார் மாலாமில் வித்தாத்தோ என்று விற்கும் கிழங்கு அந்த ஆரஞ்சு வகை. வெள்ளைச் சதையுள்ள கிழங்கில் மாவு மட்டும் மிஞ்சும். கிழங்கையும் பரங்கியையும் ஆவியில் வேகவைத்தால் சத்து எளிதில் சேரும். மிளகாய் கொடுத்தால் கிளி பேசும் என்பார்கள். பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் மிளகாய் நல்ல உணவுதான். காரத்தை உணரும் நரம்பு நம்மைப்போலப் பறவைக்கு வேலை செய்வதில்லை. பச்சையைவிடப் பழுத்த சிவப்பு மிளகாயில் கரோட்டின் மிகுதி. பழங்களில் பப்பாளி, கொய்யா, மாம்பழம் முதலிடம். ஆப்பிளும் திராட்சையும் காசு கொடுத்து வாங்கும் சர்க்கரைத் தண்ணீர். ஆப்பிள் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் விதையை நீக்கிவிடுங்கள்.

கால்சியத்துக்குக் கணவாய் ஓடு. பசாரில் மீன் விற்பவரிடம் கேட்டால் சும்மாவே தருவார். இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்கி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, மென்மையான பக்கம் உள்ளே பார்க்கும்படி கம்பியில் கட்டவும். கணவாய் ஓட்டைத் தொடாத கிளிக்கு, நன்றாகக் கொதிக்கவைத்துக் காயவைத்துப் பொடித்த கோழிமுட்டை ஓட்டைச் சாப்பாட்டில் தூவலாம்.

இத்தனையும் கொடுத்தும் கிளி எந்நேரமும் நிழலிலேயே இருந்தால் பயனில்லை. கால்சியத்தைக் குடல் ஏற்க வைட்டமின் டி3 வேண்டும், அதைத் தோலில் உருவாக்குவது வெயிலின் புறஊதாக் கதிர். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், ஆகவே கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் கணக்கில் வராது. காலை ஒன்பதரைக்குள் கால் மணிநேரம் முதல் அரை மணிநேரம் வரை வெளியே வையுங்கள், கூண்டின் பாதி நிழலில் இருக்கட்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால் உடனே உள்ளே.

செம்பனைப் பழம் கொடுக்கலாமா?

மலேசியாவில் செம்பனை வணிகமாக முதலில் நடப்பட்டது 1917-இல், இந்த ஊரை ஒட்டிய தெனாமாரம் தோட்டத்தில். நூறாண்டு கடந்தும் சுற்றிலும் அதே பயிர். ஆகவே இந்தக் கேள்வி இங்கே எழாமல் இருக்காது. செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே சாம்பல் கிளிகளுக்கு இதன் பழம் பிடித்தமான உணவு. நம்முடைய காட்டு நெடுவால் கிளிகளும் தோட்டத்தில் குலையைக் கொத்துவதைப் பார்க்கலாம். பழத்தின் சதையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். சுத்திகரிக்காத சிவப்பு எண்ணெயில் ஒரு கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் கரோட்டினாய்டு இருக்கிறது. விதை தின்றே வளர்ந்து வைட்டமின் ஏ வறண்டுபோன கிளிக்கு இதைவிடச் செறிந்த ஊற்று கிடைப்பது கடினம். சமையலுக்கு வாங்கும் பொன்னிறப் பாம் எண்ணெயில் இது கிடைக்காது. நிறத்தை நீக்கும்போதே கரோட்டினும் போய்விட்டது.

ஆனாலும் கொழுப்பு கொழுப்புதான். பச்சைக்கிளிக்கு ஒரு பழத்தில் கால்பங்குச் சதை, வாரம் இரண்டு முறை, அன்றைக்கு விதை இல்லை என்பது பாதுகாப்பான அளவு. உடல் பருத்த கிளிக்கு வேண்டாம். கவலை எல்லாம் பழம் எங்கிருந்து வருகிறது என்பதில். தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் பழம் நிர்வாகத்தின் சொத்து, பொறுக்கினால் திருட்டு. அது ஒருபுறமிருக்க, மரத்தடி வட்டத்தில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். பாராகுவாட் 2020 சனவரி முதல் தடைசெய்யப்பட்டாலும் மற்ற மருந்துகள் இருக்கின்றன. எலிக்கு வைக்கும் மெழுகுக் கட்டியும் அங்கேதான் கிடக்கும். உதிர்ந்து இரண்டு நாளான பழம் புளித்துப் பூஞ்சையும் பிடித்திருக்கும். வீட்டு வளவில் மருந்து படாமல் நிற்கும் மரத்தின் பழம், அன்றைக்கே பறித்தது, கழுவியது என்றால் மட்டும் கொடுங்கள். அதே காரணத்துக்காகத் தோட்டத்து ஓரப் புல்லையும் கதிரையும் பறித்து வராதீர்கள்.

பால்மரக்காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரப்பர் விதையையும் பச்சை மரவள்ளியையும் கிளி ஆசையாக உடைத்துத் தின்னும். இரண்டிலும் சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது. காட்டில் ஏதோ ஒரு விலங்கு தின்கிறதே என்று பார்த்துக் கொடுக்க வேண்டாம்.

ஒரே நாளில் மாற்றாதீர்கள்

இதுவரை படித்துவிட்டு இன்றிரவே சூரியகாந்தி விதையைக் குப்பையில் கொட்டும் ஆர்வக்காரர்களால் கிளிகள் சாவதும் உண்டு. விதையையே உணவாக அறிந்த கிளிக்குப் பெல்லட் உணவாகவே தெரியாது. பசி வந்தால் தின்னும் என்று விட்டால், கல்லீரலில் கொழுப்பேறிய பறவை பட்டினியில் கவிழ்ந்துவிடும்.

முதலில் வேண்டியது ஒரு கிராம்வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு. 30 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். காலையில் முதல் எச்சம் போட்டபின், சாப்பாட்டுக்கு முன், ஒரு சிறு டப்பாவிலோ மரக்கட்டையிலோ நிறுத்தி எடை பார்த்து எழுதுங்கள். பட்ஜி 30 முதல் 40 கிராம், லவ்பேர்ட் 45 முதல் 60, கொக்கட்டீல் 80 முதல் 110, பச்சைக்கிளி 110 முதல் 140 என்று இருக்கும். ஒரு வாரம் எழுதினால் உங்கள் பறவையின் சொந்த எடை தெரியும். அதே வாரத்தில் அது எவ்வளவு விதை தின்கிறது என்றும் அளந்துவிடுங்கள். காலையில் போட்ட எடையிலிருந்து இரவில் மிஞ்சியதையும் உமியையும் கழித்தால் போதும்.

இரண்டாம் வாரம் எந்நேரமும் நிறைந்திருக்கும் கிண்ணத்தை எடுத்துவிட்டு, விதையைக் காலை, மாலை என்று இருவேளையாக்குங்கள். மொத்த அளவைக் குறைக்க வேண்டாம். மூன்றாம் வாரத்திலிருந்து காலை எழுந்தவுடன், பசி அதிகமுள்ள நேரத்தில், பெல்லட்டும் நறுக்கிய காயும் மட்டும். இரண்டு மணிநேரம் கழித்து விதை. பெல்லட்டை முழுதாகப் போடாமல் பொடித்து, நசுக்கிய பரங்கிக்காயில் பிசைந்து, மேலே ஐந்தாறு விதையை அழுத்திவைத்தால் விதையைத் தோண்டும் சாக்கில் அலகில் ருசி ஒட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதையே தின்பதுபோல நடித்தாலும் வேலை செய்யும். கிளி கூட்டமாகத் தின்னும் பறவை, கூட்டாளி தின்பதைத்தான் நம்பும். பெல்லட் குறைவதைக் கண்ணால் பார்த்தபின்தான் விதையை வாரத்துக்குக் கால்பங்கு வீதம் குறைக்க வேண்டும். சில கிளி பத்து நாளில் மாறும், பிடிவாதக்காரக் கொக்கட்டீலுக்கு மூன்று மாதமும் ஆகும்.

எடை அன்றாடம் இரண்டு மூன்று சதவீதம் ஏறி இறங்குவது இயல்பு. தொடக்க எடையில் 10 சதவீதம் குறைந்தால், அதாவது 120 கிராம் கிளி 108-ஐத் தொட்டால், முயற்சியை நிறுத்திப் பழையபடி விதை கொடுங்கள். இரண்டு நாளில் எடை ஏறாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். எச்சத்தையும் பாருங்கள். பெல்லட் தின்னும் பறவையின் எச்சம் பழுப்பு நிறமாகக் கொஞ்சம் பெருக்கும். எண்ணிக்கை குறைந்து கரும்பச்சையாகப் பிசுபிசுத்தால் வயிறு காலி என்று பொருள். இறகு சிலிர்த்து நாளெல்லாம் தூங்கும் பறவையிடம் இந்த மாற்றத்தைத் தொடங்கவே கூடாது. முதலில் நோய், பிறகுதான் உணவு.

பெல்லட் வாங்கும்போது கடைக்காரர் சாக்கிலிருந்து அள்ளிக் கட்டிக்கொடுப்பதை வாங்காதீர்கள். எப்போது திறந்தது என்று யாருக்கும் தெரியாது. மூடிய சிறு பொட்டலம் வாங்கி, திறந்தபின் காற்றுப்புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மாதத்துக்குள் முடியுங்கள். பெல்லட்டே பெரும்பங்கு உணவானால் தண்ணீரில் வைட்டமின் சொட்டு விடுவதை நிறுத்தவேண்டும். ஏ, டி3 இரண்டும் உடலில் சேர்ந்துகொண்டே போய் நஞ்சாகும். விதை தின்னும் பறவைக்கும் அந்தச் சொட்டுமருந்து சரியான வழியில்லை. வெளிச்சத்தில் மருந்து கெடும், கிண்ணத்தில் பாக்டீரியா வளரும், தண்ணீரின் ருசி மாறினால் பறவை குடிக்காமலும் இருந்துவிடும்.

பெல்லட் விலை கட்டுப்படியாகவில்லை என்றால், வேகவைத்த கலவை ஒன்று நெருக்கமாக வரும். இரண்டு பங்கு பழுப்பரிசியோ பார்லியோ சோளமோ, ஒரு பங்கு பச்சைப்பயறோ கொண்டைக்கடலையோ, மூன்று பங்கு பொடியாக நறுக்கிய பரங்கி, கேரட், முருங்கைக்கீரை. தானியமும் பயறும் தனித்தனியே முழுதாக வேகவேண்டும். அரைவேக்காட்டு உலர்பயறு, குறிப்பாகச் சிவப்பு ராஜ்மா, நஞ்சு. உப்பு, எண்ணெய், தாளிப்பு எதுவும் வேண்டாம். அரைக் கிலோ கலவைக்குக் கால் தேக்கரண்டி முட்டையோட்டுப் பொடி. ஐஸ்கட்டித் தட்டில் நிரப்பி உறையவைத்து, நாளுக்கு ஒரு கட்டியைக் குளிர்போக வைத்துக் கொடுக்கலாம். வாரம் ஒருமுறை வெந்த முட்டை, பட்டாணி அளவு. இப்படி உண்ணும் பறவைக்குக் கொஞ்சம் விதையும் நாள்தோறும் தேவை. ஈரமான எந்த உணவும் நம்மூர் வெப்பத்தில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் கிண்ணத்தில் இருக்கக் கூடாது. காலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய் மாலை வந்து எடுப்பது, கொடுக்காமல் இருப்பதைவிட மோசம்.

சமையலறையும் சாக்கும்

நாம் தின்பதில் ஒரு வாய் கொடுப்பது பாசம்தான், விட்டுவிடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே எதைக் கொடுக்கவே கூடாது என்பதையாவது நினைவில் வைக்கலாம். அவகாடோ, சாக்லேட், மைலோ, கோப்பி, தேநீர், மதுபானம், வெங்காயம், பூண்டு. அவகாடோவிலுள்ள பெர்சின் இதயத்தைத் தாக்கும், சிறு பறவை ஒரே நாளில் போய்விடும். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைக்கு இல்லாததால் தே தாரிக்கில் நனைத்த பிஸ்கட் வயிற்றைக் கலக்கும். முறுக்கு, கருவாடு, குழம்புச் சோறு எல்லாவற்றிலும் உப்பு அளவுக்கு மேல். வெறும் சோறு விஷமல்ல, சத்துமல்ல. உணவு இல்லையென்றாலும் சேர்த்துச் சொல்லவேண்டியது: ஒட்டாத சட்டி அடுப்பில் காய்ந்து புகைந்தால், அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆவி பக்கத்து அறைக் கிளியையும் நிமிடங்களில் கொன்றுவிடும். கூண்டைச் சமையலறையில் வைக்காதீர்கள்.

நிலக்கடலையும் சோளமும் நம்முடைய ஈரப்பதத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் அஃப்ளடாக்சின் கல்லீரல் நஞ்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது. கழுவினாலும் அப்படியே. பச்சை நிலக்கடலை வேண்டவே வேண்டாம். மனிதர் தின்னத் தகுந்த, உப்பில்லாத வறுகடலை எப்போதாவது ஒன்று போதும். விதையைப் பத்துக் கிலோ சாக்காக வாங்குவது மலிவுபோலத் தோன்றும். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். வாங்கியதும் மூன்று நாள் உறைபெட்டியில் வைத்தால் அந்துப்பூச்சி முட்டை செத்துவிடும். பழைய விதையா என்று அறிய 20 விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். நான்கு நாளில் 15-க்கு மேல் முளைக்காவிட்டால் அந்தக் கடையை மாற்றலாம்.

கிளியல்லாத பறவைகள்

மெர்போக்கும் தெக்குக்குர் புறாவும் விதையை உரிக்காமல் முழுதாக விழுங்குகின்றன. அரைப்பதற்கு இரைப்பையில் சிறு கல் வேண்டும், ஆகவே கிரிட் எனப்படும் கரடுமணல் இவற்றுக்கு அவசியம். விதையை உரித்துத் தின்னும் கிளிக்கு அது தேவையில்லை. வைத்தால் அளவில்லாமல் தின்று அடைத்துக்கொள்ளும். கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே பொட்டலத்தைத் தருவார், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். மெர்போக்குக்குத் தினை, சாமை, கேனரி விதை என்று சிறுதானியக் கலவையே முதன்மை உணவு. பொடியாக நறுக்கிய கீரையும் ஓட்டுத்தூளும் அதோடு போதும். சூரியகாந்தி வேண்டாம்.

பாட்டுக்காக வளர்க்கும் முராய் பாத்துவும் முராய் கம்போங்கும் பூச்சியுண்ணிகள். வெட்டுக்கிளி, சில்வண்டு, மாவுப்புழு எதிலும் கால்சியம் பாஸ்பரஸைவிட மிகக் குறைவு. கடையில் வாங்கிய சில்வண்டுகளை ஒருநாள் முழுக்கக் கேரட்டும் கீரையும் தின்னவிட்டு, கொடுக்கும்முன் கால்சியத் தூளில் உருட்டினால் குறை பெருமளவு நிரம்பும். மாவுப்புழு கொழுப்பு மிகுந்தது, நாளுக்கு நாலைந்து போதும். தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளி வேண்டாம், மருந்து குடித்த பூச்சிதான் சுலபமாகக் கையில் சிக்கும்.

மைனாவுக்குத் தனியாகவே எழுதவேண்டும், அவ்வளவு தவறு நடக்கிறது. பேசும் மைனாவின் உடல் உணவிலுள்ள இரும்பை அளவின்றிக் கல்லீரலில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. வயிறு நீர்கோத்துப் புடைத்து, மூச்சிரைத்துச் சாவது இதனால்தான். நாய் பிஸ்கட், பூனை உணவு, ஈரல் எல்லாம் இரும்பு மிகுந்தவை, இங்கே பலரும் ஊறவைத்துக் கொடுப்பதும் அவையே. ஒரு கிலோவில் 100 மில்லிகிராமுக்குக் கீழே இரும்புள்ள மைனாத் தீவனத்தைப் பொட்டலத்தில் படித்து வாங்குங்கள். பப்பாளி, வாழைப்பழம், வெந்த முட்டைவெள்ளை சேர்க்கலாம். ஆரஞ்சும் எலுமிச்சையும் இரும்பை உறிஞ்சத் தூண்டும், அவற்றைத் தள்ளுங்கள்.

கோழித் தீவனத்தையும் இதே வரிசையில் வைக்கலாம். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம். கூண்டுப் பறவைக்கு 1 சதவீதமே மிகுதி. நாளடைவில் சிறுநீரகம் பழுதாகி மூட்டுகளில் யூரிக் அமிலம் படியும். குஞ்சுத் தீவனத்தில் சிலவேளை மருந்தும் கலந்திருக்கும்.

உள்நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பொறுத்தவரை, 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட இனத்தை வளர்க்க வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். செம்பனைப் பொந்திலிருந்து எடுத்துவந்த குஞ்சை வாங்காதீர்கள் என்பதற்குச் சட்டம் ஒரு காரணம், அடுத்து வருவது இன்னொன்று.

கண் திறந்து சில நாளேயான குஞ்சைக் கையால் ஊட்டி வளர்த்தால் நன்றாகப் பழகும் என்று விற்கிறார்கள். ஊட்டும் வேலை விற்பவருடையதாகவே இருக்கட்டும், தானாகத் தின்னக் கற்ற பறவையை வாங்குங்கள். கையில் வந்துவிட்டதென்றால், குழந்தைகளுக்கான தானியக்கூழும் நனைத்த ரொட்டியும் புரதம் போதாதவை. பறவைக்குஞ்சுக்கென்று தயாரித்த மாவையே பொட்டலத்தில் உள்ள அளவில் கரைக்க வேண்டும். சூடு 39 முதல் 41 பாகை செல்சியஸ், வெப்பமானியில் பார்த்து. விரலால் தொட்டுப் பார்ப்பது போதாது. 43-ஐத் தாண்டினால் தீனிப்பை வெந்து, ஒரு வாரத்தில் மார்புத்தோலில் ஓட்டை விழுந்து தின்றது வெளியே வழியும். மைக்ரோவேவில் சுடவைத்தால் ஓரிடத்தில் கொதிக்கும், இன்னோரிடத்தில் ஆறியிருக்கும். இந்த விபத்து பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. 38-க்குக் கீழே போனால் தீனிப்பை வேலை நிறுத்தி, உள்ளேயே புளிக்கும். ஒருவேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு: 50 கிராம் குஞ்சுக்கு 5 மில்லி. முந்தைய வேளை ஏறக்குறைய இறங்கியபின்தான் அடுத்தது, இரவில் ஒருமுறை தீனிப்பை முழுதாகக் காலியாக வேண்டும். விடிந்தும் காலியாகாமல் பை தொங்கினாலோ புளித்த வாடை வந்தாலோ அடுத்த வேளையை ஊட்டாமல் வண்டியை எடுங்கள். சின்ன ஊரில் நாய், பூனை பார்க்கும் கிளினிக்தான் இருக்கும். பறவை பார்ப்பார்களா என்று புறப்படும்முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. போகும்போது எடை எழுதிய தாளையும், தின்னக் கொடுத்த பொட்டலத்தையும், அன்றைய எச்சம் படிந்த காகிதத்தையும் கையோடு கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த மூன்றையும்தான்.